சிறுகதைப் போட்டிக்காக நான் செய்த ஜெபம்

சென்ற ஆண்டு மாரிக்கு முன்னர் ஒரு காலையில் என் கணவர் கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். யாழ்ப்பாணம் ஆசுபத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. காது கேட்கும், எல்லாம் விளங்கும், ஆனால் ஒரு சொல்கூட வாயில் வராது. பேச்சு வரலாம், வராமலும் விடலாம் என்றார் டொக்டர். மினிபஸ் கொண்டக்டராக இருந்த மனுசன்! மானிப்பாய்ச் சந்தியில் அவர் ஆள் கூப்பிட்டால் எங்கள் வீட்டுக் குசினியில் சமைக்கிற எனக்குக் கேட்கும்.

ஆண்டவரே, அவருக்குப் பேச்சைத் தாரும் என்று அழுதேன். உபவாசம் இருந்தேன். மாதங்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆண்டவரோடு கோபம்.

அந்த நேரத்தில்தான் வலிகாமத்து எழுத்தாளர்களுக்கென்று ஒரு சிறுகதைப் போட்டி அறிவித்தார்கள். நான் எங்கே எழுத்தாளர்? பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதோடு சரி. ஆனாலும் தொடங்கிவிட்டேன். ஒரு பஸ் கொண்டக்டரும் அவன் பெண்சாதியும். அவன் பக்கம் பக்கமாகக் கதைப்பான், குழம்பில் உப்பில்லை என்று கத்துவான், பிறகு தானே வந்து சமாதானம் சொல்லுவான். எழுதும்போது வீட்டில் மறுபடி ஆள் கதைப்பது போலிருந்தது. இவர் பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடப்பார். என்ன எழுதுகிறேன் என்று நான் இவருக்குச் சொல்லவில்லை.

எழுதியதைப் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குப் பிள்ளை. ஆனா ஒரு சாவாவது வேணும். இல்லாட்டி நடுவர்மாருக்கு மனம் இளகாது," என்றார்.

யாரைச் சாகவைப்பது? கதையில் இருந்ததே இரண்டு பேர். பெண்சாதி செத்தால் கதை சொல்ல ஆளில்லை. ஆகவே கொண்டக்டரைச் சாகடித்தேன். எழுதிவிட்டு நானே அழுதேன். அழுது முடிய, பரிசு நிச்சயம் என்று ஒரு நினைப்பும் வந்தது. ஆண்டவரே, இதையாவது தாரும் என்று ஜெபிக்கத் தொடங்கினேன்.

எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விசாப் பத்திரமோ பரீட்சை விண்ணப்பமோ, எதை அனுப்புவதென்றாலும் முதலில் மேசையில் வைத்து, எல்லோரும் கை நீட்டி ஜெபிப்போம். ஒருமுறை ஒருவர் ஒட்டிய கடித உறைக்குள் லொத்தர்ச் சீட்டை வைத்து ஜெபம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் போதகர் உள்ளே இருப்பது தெரியாமல் எதற்கும் ஜெபிப்பதில்லை.

இவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாதென்பதால் கூட்டம் எங்கள் வீட்டில்தான் நடக்கும். இவரைக் கதிரையில் இருத்தியிருந்தோம். நான் உறையை மேசையில் வைத்தேன்.

"உள்ளுக்கை என்ன அக்கா?" என்றார் போதகர்.

"போட்டிக்கு எழுதின கதை ஐயா."

"அப்ப வாசியுங்கோவன். என்னத்துக்கு ஜெபிக்கிறம் எண்டு எல்லாருக்கும் தெரியவேணுமெல்லோ."

"நீளம் ஐயா..."

"பரவாயில்லை, தேத்தண்ணிக்கு இன்னும் தண்ணி கொதிக்கேல்லை," என்று குசினியிலிருந்து ஒரு குரல் வந்தது.

உறையைப் பிரித்தேன். வாசித்தேன். கொண்டக்டர் சண்டை பிடிக்கும் இடங்களில் எல்லோரும் இவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஐயோ, ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்களே! முடிவு நெருங்க நெருங்க என் சத்தம் இறங்கியது. அவன் கண்களை மூடினான், பிறகு திறக்கவில்லை என்று வாசித்து முடித்தேன்.

"நான்... சாகேல்லை."

யார் கதைத்தது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. போதகரைப் பார்த்தேன். போதகர் இவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் கோண, கண் சிவக்க, இவர் திரும்பவும் சொன்னார்.

"சாகேல்லையடி!"

ஸ்தோத்திரம் என்று எல்லோரும் எழும்பிவிட்டார்கள். ஒருவர் பாடினார், ஒருவர் அழுதார். நான் தாள்களைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றேன். சந்தோசமா, வெட்கமா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை மாதம் ஊட்டி, குளிப்பாட்டி வைத்திருக்கிறேன். முதற்சொல்லே சண்டைக்கா? பிறகு அவருடைய காலடியில் இருந்துவிட்டேன். "ஓமப்பா, நீங்கள் சாகேல்லை, நீங்கள் சாகேல்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

அன்று உறைக்கு ஜெபிக்க எல்லோரும் மறந்துபோனார்கள்.

முடிவை மாற்றினேன். இவர் விழுந்த நாளிலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினேன். பரிசு கிடைக்கவில்லை, ஆறுதல் பரிசுகூட இல்லை. பரிசளிப்பு நாளில் இவரையும் சில்லுக் கதிரையில் வைத்துக் கூட்டிப்போனேன். கூட்டம் முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர்.

"உங்கடை நடை நல்லாயிருக்கம்மா. முடிவுதான் சறுக்கிப்போச்சு. மாதக்கணக்கா வாய் திறக்காத ஒரு மனுசன், ஒரு கதையைக் கேட்டுக் கதைக்கத் தொடங்கினான் எண்டா ஆர் நம்புவினம்?"

நான் சில்லுக் கதிரையை அவர் பக்கம் திருப்பினேன். இவர் தலையை நிமிர்த்தினார். சொல் வெளியே வர நேரமெடுத்தது. நடுவரும் பொறுமையாக நின்றார்.

"ஐயா... அந்த... மனுசன்... நான்தான்."

நடுவர் இவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

சகோதரங்களே, நான் கேட்டது கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டுக் கைவிட்டது கிடைத்தது. ஆண்டவர் எந்த ஜெபத்தைக் கேட்டார், முந்தியதையா, பிந்தியதையா? இரவும் பகலும் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. போதகரிடம் கேட்டேன், அவரும் சிரித்துவிட்டுப் போனார். விளங்காமலே நன்றி சொல்லப் பழகிக்கொண்டேன். கோபமும் போய்விட்டது. இப்போது சின்ன விடயத்துக்கும் ஜெபிக்கிறேன்.

கேட்டுக் கேட்டுக் களைத்து, வாயை மூடிக்கொண்டவர்கள் உங்களுக்குள் யாராவது இருந்தால் ஒரு புதன்கிழமை பின்னேரம் எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள். வாசலில் கதிரையில் இருந்து "வாங்கோ" என்று சொல்லுவது இவர்தான். அந்தச் சொல் வரக் கொஞ்சம் சுணங்கும். நின்று, அதைக் கேட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.