பெட்டியில் இல்லாத பெயர்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்து மேட்டுத் தெருக்களில் பதினாறு வருடமாகக் கடிதம் போடுகிறவள் ஜசிந்தா. அகதியாய் வந்த யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இங்கேயே பிறந்தவள். அவள் படியேறுகிற வேகத்தைப் பார்க்கவேண்டும், எங்களுக்கு மூச்சு வாங்கும்! துருக்கிப் பெயரோ போலந்துப் பெயரோ சிரியாப் பெயரோ, அவள் வாயில் எதுவும் தடக்காது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் யார் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஆனால் தபாலுக்கு ஒரு சட்டம் உண்டு. பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். எங்கள் ஆட்களுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது. குடும்பத் தலைவரின் பெயரை ஒட்டிவிட்டால் முழுக் குடும்பமும் அதற்குள் அடக்கம் என்று ஒரு நினைப்பு. மனைவியின் கடவுச்சீட்டிலோ அவளுடைய தகப்பன் பெயர்!

நாற்பத்திரண்டாம் இலக்க வீட்டுக் கமலநாயகி அப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஜசிந்தா விடுமுறையில் நின்ற வாரம் பார்த்து அலுவலகத்துக்கு வரச்சொல்லி நாள் குறித்த டெர்மின் கடிதம் வந்தது. அவளுக்குப் பதிலாக வந்தவன் இப்படி ஒருவர் இங்கே இல்லையென்று திருப்பிவிட்டான். இன்னொரு முறை அனுப்புவோம், அதுவும் திரும்பினால் கோப்பை மூடிவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பாவம், மனுசிக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

தன் பெயரையும் ஒட்டுவோம் என்று கமலநாயகி கேட்டால் கணவர் கிருஷ்ணமூர்த்தி மசியவில்லை. இரண்டு பெயரைக் கண்டால் வருகிற சனம் புருசனும் பெண்சாதியும் பிரிந்துவிட்டார்கள் என்று கதை கட்டுமாம்.

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டாவது கடிதம் ஜசிந்தாவின் கைக்கு வந்தது. மணியை அடித்து இரண்டு பேரையும் கீழே இறக்கினாள். கடிதத்தைக் கண்டதும் கமலநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜசிந்தா கொடுக்கவில்லை.

"இண்டைக்கு நான் கையில தரலாம் அக்கா. அடுத்த கடிதத்துக்கு வேற ஆள் வந்தால் திரும்பிப் போயிடும். முதல்ல பேரை ஒட்டுங்கோ."

கிருஷ்ணமூர்த்தி பழைய பல்லவியைத் தொடங்கினார். ஜசிந்தாவுக்குச் சினம் ஏறிவிட்டது. மேல்மாடி எரித்திரியாக் குடும்பத்தின் பெட்டியைக் காட்டினாள். அதில் மூன்று பெயர்கள். அவர்களும் எங்களைப்போலத் தகப்பன் பெயரைத்தான் பின்னால் வைக்கிறவர்கள் என்றாள். அவர்களைப் பிரிந்த குடும்பமென்று இந்தக் கட்டடத்தில் யாராவது சொன்னதுண்டா அண்ணை என்று கேட்டாள். அந்தக் கணவனும் மனைவியும் கைகோர்த்துக்கொண்டு கடைக்குப் போவதைக் கிழமைக்குக் கிழமை பார்க்கிறவர் கிருஷ்ணமூர்த்தி.

கமலநாயகி அவருடைய பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜசிந்தாவிடம் பேனாவும் ஒட்டுத்தாளும் வாங்கித் தன் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினார். கணவர் பெயருக்குக் கீழே தாராளமாக இடம் இருந்தது. மேலேதான் ஒட்டினார்.

ஜசிந்தா பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு, கடிதத்தை முறைப்படி பெட்டிக்குள் போட்டாள்.

பெட்டியின் சாவி முப்பத்தொரு வருடமாகக் கிருஷ்ணமூர்த்தியிடம்தான். வழக்கம்போல அதை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கப் போனார். கமலநாயகி குறுக்கே கையை நீட்டினார்.

"தாங்கோ. கடிதம் எனக்கு வந்திருக்கு."

அவர் சாவியை மனைவியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு விலகி நின்றார்.