என் ரிலீவரின் முகம்

ஒரு மனிதரை ஆறு வருடம், நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு நட்பு என்று பெயர் வைக்கலாமா? நெய்வேலியில் அதற்கு வேறு பெயர் உண்டு. ரிலீவர். எனக்கு அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர். அவர் வந்து பொறுப்பெடுத்தால்தான் நான் இடத்தை விட்டு நகர முடியும். மாமனார் வீட்டு விசேஷமானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, ரிலீவர் தலை தெரிகிற வரைக்கும் நாற்காலிதான். அதனால் உலகத்திலேயே நான் அதிகம் வழிபார்த்துக் காத்திருந்த முகம் அவருடையது. மனைவி இதைக் கேட்டால் சிரிப்பாள். உண்மை அதுதான்.

எங்கள் வேலை பம்ப் ஹவுஸில். சுரங்கத்துக்கு அடியில் ஊற்று அழுத்திக்கொண்டே இருக்கும். அது மேலே பீறிட்டு வராமல் இருக்க, சுற்றிலும் ராப்பகலாகப் பம்புகள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். மணிக்கொரு தரம் அழுத்தம் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மிச்ச நேரமெல்லாம் அந்த ரீங்காரம். அதற்குள் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நான் கவிதை எழுதுகிறவன் ஆனேன், அல்லது ஆனதாக நினைத்துக்கொண்டேன். நான் பெர்மனென்ட். அவர் கான்ட்ராக்ட். பார்த்தது ஒரே பம்பு. என்னை விட மூன்று வயது மூத்தவர், என்னை சார் என்பார். நான் அண்ணே என்பேன். அந்த சாரை அவர் வாயிலிருந்து கழற்ற எத்தனையோ தரம் முயன்றேன். கழலவில்லை.

அவரிடம் இருந்தது பட்டன் போன், பின்மூடி விழாமல் ரப்பர் பேண்டு போட்டது. என்னிடம் தொடுதிரை போன். அது எங்கள் ஊரில் எல்லாரும் குரூப் ஆரம்பித்துக்கொண்டிருந்த காலம். குடியிருக்கிற பிளாக்குக்கு ஒரு குரூப், வேலையில் சேர்ந்த பேட்ச்சுக்கு ஒரு குரூப், கோயில் கமிட்டிக்கு ஒரு குரூப். எங்கிருந்தெல்லாமோ வீடியோ வந்து கொட்டும். எட்டுக்கால் கடல்பிராணி ஒன்று கண்ணாடி ஜாடியின் மூடியை உள்ளேயிருந்து திருகித் திறந்துகொண்டு வெளியே வரும். பனி உறைந்த ஏரியில் ஒருவன் துளை போட்டு நெருப்பு வைப்பான், தண்ணீர் எரியும். கேரட்டைக் குடைந்து ஒரு கிழவர் புல்லாங்குழல் வாசிப்பார். இதையெல்லாம் நான் சேர்த்து வைத்திருப்பேன். அவர் வந்து நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் வாசல்படியில் இரண்டு பேரும் உட்காருவோம். பத்து நிமிடம். அதற்கு மேல் அவர் பம்பை விட்டு இருக்க மாட்டார், நான் வீட்டை விட்டு இருக்க முடியாது.

அவர் வீடியோ பார்க்கிற விதம் தனி. நாமெல்லாம் பார்த்துவிட்டுப் பேசுவோம். அவர் பார்த்துக்கொண்டே வீடியோவோடு பேசுவார். ஜாடிக்குள் இருந்ததிடம், "அப்படித்தான், இன்னொரு சுத்து, இன்னொரு சுத்து" என்பார். எரிகிற ஏரிக்காரனை, "ஒதுங்கி நில்லுப்பா, வேட்டி கீட்டி கட்டிகினு கிட்ட போயிடாத" என்று எச்சரிப்பார். அவன் போட்டிருந்தது கம்பளிப் பேண்டு. முடிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்பார்: அப்புறம் என்னாச்சு? இந்த வீடியோக்களுக்கு ஏது அப்புறம். பாதியில் தொடங்கிப் பாதியில் அறுந்துபோகும். எனக்கென்னண்ணே தெரியும் என்பேன். அவருக்கு அது போதாது.

ஏன் போதாது என்பதை அவரே சொன்னார். காடாம்புலியூர் பக்கத்தில் அவர் ஊர். மகள் டவுன்ஷிப்பில் பதினோராவது படித்துக்கொண்டிருந்தாள். முதல் ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் அவர்தான் மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். முந்திரித் தோப்புகளைத் தாண்டி நகரியத்து ஆர்ச் வரைக்கும், முந்தின நாள் பார்த்த வீடியோவைத் திரும்பித் திரும்பி அவளுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். வீட்டில் இருக்கும்போது அவள் அதிகம் பேசுவதில்லையாம். வயசுப் பொண்ணு, பொஸ்தகமும் அவளுமாக இருப்பாளாம். வண்டியில்தான் அப்பா முதுகில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்பாளாம். முடிவு கேட்டு நச்சரிப்பதும் அவள்தான். கதை நீளமாக இருந்தால் வண்டியை மெதுவாக ஓட்டுவேன் சார் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் எழுதிப் பார்த்திருக்கிறேன், வரவில்லை.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான் புது போன் வாங்கிய வாரம் அது. பிற்பகல் இரண்டு மணி. என் பழைய போன் அவர் கையில். அதில் ஒரு யானைக்குட்டி சேற்றுக்குழியில் விழுந்து கிடக்கிறது. தாய் தும்பிக்கையால் இழுக்கிறது, குட்டி கொஞ்சம் ஏறுகிறது, வழுக்கிப் பழையபடி விழுகிறது. அவர் படியிலிருந்து எழுந்துவிட்டார். இடது கை போனில், வலது கை காற்றில், அந்தக் குட்டியின் காதைப் பிடிப்பது போல.

"வுடாத. புடி, புடி. அய்ய, வுடாதன்றன் இல்ல. புடி தாயி."

கண்ணில் தண்ணீர். வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, அவருடைய முகம் அவரை விட்டுக் கழன்று எங்கேயோ போயிருந்தது. புது போனின் கேமரா எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசை. எடுத்தேன். இருபது விநாடி இருக்கும். அவர் கவனிக்கவில்லை. வீடியோ வழக்கம்போலக் குட்டி மேலே ஏறுவதற்கு முன்னால் அறுந்தது. ஏறிச்சா சார் என்று கேட்டார். ஏறியிருக்கும்ண்ணே என்று சைக்கிளைத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு பிளாக் குரூப்பில் போட்டேன். 'எங்க ரிலீவர், நேரடி ஒளிபரப்பு' என்று ஒரு வரியும். அதே குரூப்பில் என் கவிதைகளையும் போட்டிருக்கிறேன். அவற்றுக்கு இரண்டு கும்பிடும் ஒரு பூங்கொத்தும் வரும், அதிலும் ஒரு கும்பிடு என் மைத்துனருடையது. இதற்கோ சிரிக்கிற மூஞ்சிகள் வரிசை கட்டின. டர்பைனில் வேலை பார்க்கிற ஒருவர், என்னப்பா, கவிதையை விட்டுட்டு இதையே தொழிலா வச்சிக்க என்று எழுதினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை ஒளிக்க மாட்டேன். சாயங்காலம் முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து, சேலத்தில் இருக்கிற என் சித்தி மகன் ஒரு வீடியோ அனுப்பினான். மேடையில் யாரோ ஒரு பெரிய மனிதர் மாலை வாங்கக் குனிகிறார், வேட்டி நழுவுகிறது. சட்டென்று வேறொரு முகம் திரை முழுக்க வந்து கெஞ்சுகிறது: வுடாத, புடி, புடி. மறுபடி வேட்டி. மறுபடி முகம். யானையையும் காணோம், சேற்றையும் காணோம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்த முகம் யாருடையது என்று உறைத்தது. அந்த வரிசையை இப்போதும் மாற்றி நினைத்துப் பார்க்கிறேன், முதலில் உறைத்துப் பிறகு சிரிப்பு அடங்கியதாக. மாறமாட்டேன் என்கிறது.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு அவர் வந்தார். நோட்டை வாங்கினார். அழுத்தம் கேட்டார், மூன்றாம் நம்பர் பம்பில் சத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார், கையெழுத்துப் போட்டார். நான் படியில் உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை. அப்போதுதான் யோசித்தேன், நாலைந்து நாளாகவே அவர் உட்காரவில்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அவர் உட்காராதது தெரியவில்லை.

அண்ணே, அது நான் விளையாட்டுக்கு, என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ.

"குட்டி ஏறிடுச்சின்னு எம்பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருந்தன் சார். தும்பிக்கையில சுத்தி வெளிய தூக்கிடுச்சி, ரெண்டும் தண்ணி குடிக்கப் போச்சின்னு சொன்னன். இப்ப அது ஸ்கூலுக்கு பஸ்ஸுல போறன்னுது. என்னை ஸ்கூல் கேட்டு பக்கமே வரவேணாமாம். பசங்கள்லாம் புடி புடின்றானுவளாம்."

சொல்லிவிட்டு மூன்றாம் நம்பர் பம்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

குரூப்பில் என் வீடியோவை அழித்தேன். எல்லாரும் அழித்துவிடுங்கள், அவர் வருத்தப்படுகிறார் என்று எழுதினேன். அதற்கும் சிரிக்கிற மூஞ்சிகள்தான் வந்தன. வேட்டி வீடியோவைச் செய்தவன் யார் என்று தேடினேன். குரூப்புக்குக் குரூப் விசாரித்து, கடைசியில் தெரியாது என்கிற இடத்தில் போய் முட்டிக்கொண்டேன். ஊற்றுத் தண்ணீரையாவது பம்பு வைத்து இறைக்கலாம்.

அடுத்த மாதம் அவர் சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு பம்ப் ஹவுஸுக்கு மாறிப்போனார். காரணம், வீட்டிலிருந்து பக்கம் என்று சொன்னாராம். உண்மையில் அது இன்னும் தூரம். எனக்கு ஒரு புது ரிலீவர் வந்தார், நல்ல மனிதர், கிரிக்கெட் பைத்தியம். வாசல்படியில் தன் போனை நீட்டி இதைப் பாருங்க என்பார். அவசரமாகப் போகணும் என்று சைக்கிளை எடுத்துவிடுவேன்.

சில மாதம் கழித்து ஒரு மாலை, கடைத்தெருவுக்குப் பக்கத்துப் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது இரண்டு முறை பம்ப் ஹவுஸ் வாசலில் பார்த்திருக்கிறேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவளே, வணக்கம் அங்கிள் என்றாள். நான் மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை வாயில் சேர்த்தேன். கவிதைக்காரனின் வார்த்தைகள், ஒன்றுக்கும் உதவாதவை. தப்பு பண்ணிட்டேன்மா என்று மட்டும் வந்தது.

அவள் புத்தகப் பையின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பத்து நாள்தான் அங்கிள் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பசங்க வேற எதையோ புடிச்சிக்கிட்டாங்க. நான் வண்டியிலயே வரேம்பான்னு அப்பவே சொல்லிட்டேன். அவருதான் வேணாங்கறாரு. பஸ் பாஸ் இருக்கில்ல, எதுக்கு வீணாங்கிறாரு. நான் ஏதாவது கதை கேட்டாலும் ஒண்ணுமில்லம்மா, வேலை இருந்துச்சுங்கிறாரு, அவ்ளோதான். நீங்க சொன்னா கேப்பாரு அங்கிள். உங்களைப் பத்தி நிறைய சொல்லுவாரு."

நான் பேசுகிறேன்மா என்றேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அவர் இருந்த பம்ப் ஹவுஸ் எங்களுடையதிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். இரண்டு தரம் கிளம்பினேன். ஒரு தரம் மழை பிடித்துக்கொண்டது, பாதியில் திரும்பினேன். இன்னொரு தரம் மழைகூட இல்லை. தூரத்தில் வாசலில் அவர் நோட்டை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது, யாருக்கோ பொறுப்பு ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் பம்பைப் பார்க்க உள்ளே போகட்டும், தனியாகப் பேசலாம் என்று மரத்தடியில் நின்றேன். அந்த ஆள் உள்ளே போனார். நான் இன்னும் கொஞ்சம் நின்றேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒரு வரி, அதை அடித்து வேறொரு வரி. உங்க பொண்ணு காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நேராகச் சொல்லியிருந்தால் போதும். அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

அடுத்த வருடம் அவள் பன்னிரண்டாவது முடித்தாள். வெளியூரில் கல்லூரி கிடைத்து ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கக்கூடிய காலைகள் அவருக்கு அத்தோடு முடிந்துபோயின.