முதல் சுற்றுக்கு ஏறுகிறவள்

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தலைமயிரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். என்னுடையவளைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவர் என்னைக் கலியாணம் செய்தபோது சுனாமி நடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஷெல்லடிக்குப் பயந்து மாங்கேணியிலிருந்து ஓடிவந்து, முகாமில் கிடந்து, முப்பத்திரண்டு வயதில் தாலி ஏறியவள் நான். நான் வாழப் போன வீட்டில் எனக்கு முன்பே அவள் இருந்தாள், சுவரில் மாலையோடு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். குதிரைகளைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அவர்களிடம் ஒரு குதிரை ராட்டினம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து மரக்குதிரைகள், எட்டு. நடுவில் ஒரு தூண், சுற்றிவர இரும்புக் கம்பிகளில் குதிரைகள். மோட்டார் கிடையாது, ஆள்தான் தள்ள வேண்டும். ஆடியில் அமிர்தகழித் திருவிழாவுக்கும் பிறகு மண்டூருக்கும் கொண்டுபோவார்களாம். சுனாமி அவற்றைக் கொட்டிலோடு தூக்கி வாவிக்குள் எறிந்தது. ஏழு குதிரைகளை அவர் வாவிக்கரைக் கண்டல் பற்றைகளுக்குள்ளிருந்து இழுத்துவந்து போட்டிருந்தார். அவளைத் தேடிப் போன இடத்தில்தான் குதிரைகள் கிடைத்தன, அவள் கிடைக்கவில்லை என்று மச்சாள், அதாவது அவருடைய தங்கச்சி, எனக்குச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

யுத்தம் முடிந்ததும், இனித் திருவிழாக்கள் களைகட்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர் வேலையைத் தொடங்கினார். உப்பு ஊறிய மரத்தில் பெயின்ட் நிற்காது, பொக்களித்துக் கழன்றுவிடும். அதனால் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைப்பது, தண்ணீர் மாற்றுவது, நிழலில் காயவைப்பது, திரும்ப ஊறவைப்பது என்று மாதக்கணக்கில் இதே பாடு. உப்புப் போய்விட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழிதான் இருந்தது. மரத்தில் நாக்கை வைப்பார். என் குழம்பில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் வாய் திறக்காத மனுஷன், குதிரையின் கழுத்தில் நாக்கை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு கண்ணாடித் துண்டால் பழைய பெயின்டைச் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மங்கிப்போன மஞ்சள். வெடிப்புகளில் மரத்தூளும் பசையும் அடைத்தார். எல்லாவற்றையும் வெறும் மரமாக்கியவர், முன்னால் போகிற வெள்ளைக் குதிரையின் கண்களை மட்டும் தொடவில்லை. மை தீட்டினது போல நீண்ட கண்கள். அவள் தன் கையால் தூரிகை பிடித்துக் கீறினது.

"அது இரிக்கட்டும்," என்றார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திருவிழாவிலும் சனத்தை ஏற்றுவதற்கு முதல், பூசணிக்காய் வெட்டி, ராட்டினக்காரனின் பெண்சாதி வெள்ளைக் குதிரையில் முதல் சுற்று வர வேண்டும். வருஷா வருஷம் அவள்தான் வந்தாள். வருகிற ஆடியில் யார் ஏறுவது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதில் என்ன மரியாதை? ஆனால் எனக்கு அந்தச் சுற்று வேண்டியிருந்தது, சோறு தண்ணி இறங்காத அளவுக்கு. மச்சாள் வேறு, "அண்ணன் இந்த முறை குதிரைய ஆளேத்தாமச் சும்மாதான் சுத்த விடுவாரோ தெரியா," என்று கொளுத்திப் போட்டாள்.

அவர் காத்தான்குடிக்குப் பெயின்ட் வாங்கப் போன ஒரு பகல், கண்ணாடித் துண்டை எடுத்து அந்த இரண்டு கண்களையும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டினேன். பொய் சொல்லி என்ன, நெஞ்சு குளிர்ந்தது. சைக்கிள் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணாடித் துண்டை எங்கே ஒளிப்பது என்று தேடினேன்.

அவர் பார்த்தார். பெயின்ட் தகரங்களைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மூன்று நாள் என் கையால் சாப்பிட்டார், என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஒரு மெல்லிய தூரிகையை நீட்டினார்.

"நீதானே அழிச்ச. நீயே கீறு."

"எனக்குக் கீறத் தெரியா."

"அவளும் தெரியாமத்தான் கீறின."

நான் வேறு கண் வைக்கத்தான் நினைத்தேன், என்னுடையதைப் போல உருண்டைக் கண். கோடு தானாக நீண்டது. மாதக்கணக்கில் வயிற்றெரிச்சலோடு முறைத்துப் பார்த்த கண்கள் அவை. எங்கே தடிக்கும், எங்கே மெலியும், இமையோரத்தில் எங்கே அவளுடைய தூரிகை வழுக்கியது என்பது வரை என் கைக்குத் தெரிந்திருந்தது. மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டுத் திரும்பக் கீறினேன். திரும்பவும் அவளே வந்தாள். இரண்டாம் தரம் துடைக்க எனக்குத் தெம்பில்லை.

அமிர்தகழியில் ராட்டினம் பூட்டிய காலை, மச்சாள் குதிரையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ண, அவட கண் அப்பிடியே இரிக்கி!" அவர் பூசணிக்காயை வெட்டினார், கை கழுவினார், என் பக்கம் திரும்பினார்.

"ஏறு," என்றார்.

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினேன். கேட்டு வாங்காமலே அந்தச் சுற்று எனக்குக் கிடைத்திருந்தது. எட்டாவது குதிரையின் கம்பி வெறுமனே தொங்க, ராட்டினம் கிறீச்சிட்டு அசைந்தது. கூலிக்கு வந்தவர்களை விலக்கிவிட்டு அவரே தள்ளினார். தள்ளுகிறவர்கள் குதிரைக்குப் பின்னால் நின்றுதான் தள்ளுவார்கள். அவர் வெள்ளைக் குதிரையின் கழுத்தை அணைத்தபடி, அதன் முகத்தோடு முகமாக நடந்தார். என் முழங்கால் அவருடைய தோளில் உரசிக்கொண்டே வந்தது. சுற்று முடியும்வரை அவர் அண்ணாந்து என்னைப் பார்க்கவில்லை.