நான் கரைசேர்த்த படகு

நடுக்கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு படகை, கரையில் இருந்தபடியே, ஒற்றை விரலால் நெடுந்தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். பொய்யாகத்தான்! அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் சொல் செல்லாமல் போயிற்று. இன்றுவரை அது என்னுடைய பொய் என்று ஒருவருக்கும் தெரியாது.

நீங்கள் இப்போது கடத்தல், களவு என்று பெரிதாக ஏதோ நினைப்பீர்கள். மன்னியுங்கள். அவ்வளவுக்கு என்னிடம் தைரியம் இல்லை. இது ஒரு விளையாட்டுச் சங்கதி... அதிலும் நாங்கள் விளையாடாத விளையாட்டு!

கற்பனைக் கிரிக்கெட். உலகத்தின் எங்கோ ஒரு மைதானத்தில் உண்மையான ஆட்டக்காரர்கள் வியர்வை சிந்துவார்கள். இங்கே புளியங்கூடலிலும் மண்கும்பானிலும் ஊர்காவற்றுறையிலும் இருக்கிற நாங்கள், அவர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டு "என்ரை அணி" என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஓட்டம் எடுத்தால் எங்களுக்குப் புள்ளி. அவர்களுக்குக் கால் சுளுக்கினால் எங்களுக்கு நித்திரை இல்லை. ஒருவருடைய ஆட்டக்காரரை இன்னொருவருடையவரோடு மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் மாத்து.

வாழ்க்கையில் நான் பந்து வீசியது ஒரு தடவை. அது பக்கத்து வளவுக் கோழியில் பட்டது. ஆனாலும், வாரந்தோறும் உலக வீரர்களைத் தரவரிசைப்படுத்தி எங்கள் போன் குழுவில் எழுதியவன் நான்தான். "உவர் இனிச் சரிவரமாட்டார்" என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்த மனிதரின் மதிப்பு எங்கள் தீவில் விழுந்துவிடும். அலுவலகத்தில் என் கையெழுத்தை ஒரு பியோன்கூட மதித்ததில்லை. இங்கே நான் நீதவான்! எந்த மாத்து நியாயம், எது அநியாயம் என்று தீர்ப்புச் சொல்பவன்.

என்னுடைய மாத்துக்கு நானே தீர்ப்புச் சொல்ல ஏலாதுதானே? அதற்கு றெஜினா இருந்தாள். ஊர்காவற்றுறைப் பிள்ளை, நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் தாதி. குழுவில் ஒரேயொரு பெண். அவளை அந்த இடத்துக்கு எல்லாருமாகச் சேர்ந்துதான் தெரிந்தெடுத்தோம். காரணம் ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை சொன்னால் சொன்னதுதான்." தன் சொந்த அணிக்குப் பாதகமாகக்கூட அவள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு பேரை எங்கள் தீவுகளில் எத்தனை பேர் சம்பாதித்திருக்கிறார்கள்? நான் இல்லை.

அவளுக்காகவே ஒரு வழக்கம் ஏற்பட்டது. நெடுந்தீவுக்குப் போகக் குறிகட்டுவான் ஜெட்டியில் படகேறினால் பிறகு அவளுடைய போன் பொலித்தீன் பைக்குள் போய்விடும். கடல் தெறிக்கும், சிக்னலும் விட்டு விட்டுத்தான். ஆகவே அவள் கடலில் இருக்கும்போது வருகிற எந்த மாத்தும், படகு நெடுந்தீவில் அடையும்வரை திறந்தே கிடக்கும். இறங்கியதும் பார்த்து, எதிர்ப்பு இருந்தால் சொல்வாள். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டால் மாத்து செல்லாது. எழுதி வைத்த சட்டம் அல்ல. ஆனால் அதை மீற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

எனக்குத் தோன்றிற்று.

கடைசி வாரம். றெஜினா முதலாமிடம், நான் இரண்டாமிடம். மண்கும்பானில் கடை வைத்திருக்கிற சிவநேசன் வழக்கம்போலக் கடைசி. அவனிடம் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். நெடுவல் என்பதால் நாங்கள் அவரைக் 'கொக்கு' என்போம். என்னிடம் ஓய்வுபெறுகிற வயதில் ஒரு துடுப்பாட்டக்காரர். அவருக்குப் பெயர் 'பெரியவர்'. சிவநேசனுக்குப் பெரியவரில் ஒரு பட்சம். "எங்கடை வயசுக்காரன் ஒருத்தன் இன்னும் ஓடுறான் அண்ணை, எனக்கு அது காணும்" என்பான்.

கொக்குக்குப் பெரியவர்! இதை நியாயமென்று சொல்ல மனச்சாட்சி இல்லாத நீதவான் வேண்டும். றெஜினா ஒரே சொல்லில் தள்ளுபடி செய்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிவநேசனுக்குப் பெரியவரைக் கொடுப்பதாகப் பேசி முடித்தேன். கொடுப்பதுபோலக் கொக்கை வாங்கினேன்...

அன்று பின்னேரம் அலுவலகப் பொதி ஒன்றைப் படகில் ஏற்றிவிடக் குறிகட்டுவானுக்குப் போயிருந்தேன். சோளகக் காற்று பிடித்து அடித்தது. யாரோ ஒருவர் பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்றைப் படகில் ஏற்றப்போக, அது காற்றில் உருண்டு, ஆட்கள் துரத்தி, ஒரே அமளி. படகு நன்றாகப் பிந்தித்தான் வெளிக்கிட்டது. உள்ளே றெஜினா இருந்தாள். தேத்தண்ணிக் கடை மறைவில் நின்ற என்னை அவள் காணவில்லை.

படகு விலகிய பிறகுதான் மாத்தைக் குழுவில் போட்டேன். பார்த்தீர்களா? தற்செயல் என்று சொல்லித் தப்ப எனக்கு இடமே இல்லை.

ஆட்டம் தொடங்கப் போகிறது. படகு கடலில் ஒரு புள்ளியாக என் கண்ணுக்கு நேரே ஆடிக்கொண்டிருக்கிறது. சிவநேசன் கேட்டு எழுதினான்: "என்ன அண்ணை, படகு போய்ச் சேர்ந்ததாமோ?"

அந்தப் புள்ளியைப் பார்த்தபடியே எழுதினேன்: "ஓம், விசாரிச்சனான். நேரத்துக்கே போய் அடைஞ்சிட்டுது. எதிர்ப்பு இல்லை. மாத்து செல்லும்."

தேத்தண்ணி ஆறவில்லை. அவ்வளவு சுருக்காக முடிந்துவிட்டது! சீனி காணாது என்று கடைக்காரரிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

கொக்கு அன்று கொத்திய கொத்தை ஏன் கேட்கிறீர்கள்... விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தபிறகுதான் றெஜினாவின் செய்தி வந்தது. "நான் இப்பதான் இறங்கினனான். படகு பிந்தித்தான் வெளிக்கிட்டது. இந்த மாத்து சரியில்லை."

"கொக்கு கொத்தி முடிஞ்சாப்பிறகோ பிள்ளைக்கு ஞாபகம் வந்தது?" இது சிவநேசன். தன்னை ஏமாளி என்கிறாள் என்று அவனுக்குச் சுட்டுவிட்டது.

"முதலாமிடம் போகப்போகுதெண்டால் படகும் பிந்தும்தான்" என்றான் இன்னொருவன்.

அவள் கோபப்படவில்லை. "அண்ணை விசாரிச்ச இடத்திலை ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம் போலை. ஆராவது குறிகட்டுவானிலை நிண்டிருந்தால் சொல்லுங்கோ. நான் ஏன் பொய் சொல்லப்போறன்?"

ஆராவது நின்றிருந்தால்...!

நின்றவன் வீட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தான். அப்போதாவது ஒரு சொல் எழுதியிருக்கலாம். "பிழை விட்டிட்டன்" என்றாவது... எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "கடலில் இருவகைப் படகுகள் உண்டு. ஒன்று எஞ்சினில் ஓடுவது. மற்றது றெஜினாவின் படகு. அது ஆட்டத்தின் முடிவு தெரிந்தபிறகே கரைக்கு வரும்."

சிரித்தார்கள்! ஒருவர் மிச்சமில்லாமல் சிரித்தார்கள். பகிடிக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒரு பொய்யை யாராவது ஆராய்ந்து பார்க்கக்கூடும். பகிடியை யார் ஆராய்கிறார்கள்?

அடுத்தநாள் பார்த்தபோது றெஜினா குழுவில் இல்லை. சொல்லாமல் விலகியிருந்தாள். என் பகிடியைப் பார்த்தபிறகா, பார்க்க முன்னமா, தெரியாது. "தோல்வியைத் தாங்க ஏலாது போலை" என்று முடித்துவிட்டார்கள். சொன்னால் சொன்னதுதான் என்று இருந்தவள், ஒரு பின்னேரத்தில் பொய்காரியாகிப் போனாள். எனக்குப் பொன்னிறம் பூசிய பிளாஸ்ரிக் கிண்ணம் ஒன்று கிடைத்தது. என் மனுசி அதில் உடுப்புக் கிளிப் போட்டு வைத்திருக்கிறாள்.

பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். சிவநேசனுக்கு முன்னால் அசடாவதற்குப் பயமா? நீதவான் பதவியில் ஆசையா? இரண்டும் இருக்கும். முன்பின் தெரியாத உங்களுக்கு இவ்வளவு நீளம் எழுதுகிறேன். அந்தக் குழுவில் ஒரு வரி எழுத இன்னும் கை வரவில்லை... இதுதான் நான்.

ஆனால் பகிடி நின்றுவிடவில்லை. அதுதான் நான் எதிர்பாராதது. குழுவிலிருந்து கடைக்குப் போயிற்று, கடையிலிருந்து ஜெட்டிக்கு. வேலைக்குப் பிந்தி வருகிறவன், வாக்குக் கொடுத்துவிட்டு மறுக்கிறவன், சாட்டுச் சொல்கிறவன், எல்லாருக்கும் இப்போது ஒரே பெயர்தான்: 'றெஜினாவின் படகு'. உருவாக்கியவன் யாரென்று ஒருவருக்கும் நினைவில்லை. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வருமா, சொல்லுங்கள்!

போன மாதம் அலுவலக விஷயமாக நெடுந்தீவுக்குப் போனேன். படகில் எனக்குப் பக்கத்தில் றெஜினா. எழும்பி இடம் ஒதுக்கித் தந்தவளே அவள்தான். "அண்ணை, பிறஷர் இப்ப எப்பிடி? உப்பைக் குறைச்சனீங்களோ?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை நான் ஆரோ சொன்னதை நம்பிப் பிழை விட்ட ஒரு அப்பாவி.

கடைசி நேரத்தில் ஒரு பெடியன் ஓடிவந்து ஏறினான். பஸ் பழுதாகிவிட்டதென்றான். படகுக்காரன் சிரித்தான்: "ஓமோம், றெஜினாவின்ரை படகுதான் பஸ்ஸாய் வந்ததோ? கதை விடாதை!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். படகுக்காரன் புதியவன், அவனுக்கு இவளைத் தெரியாது. அவளுடைய கை மடியிலிருந்த பைமேல் அப்படியே நின்றது.

எஞ்சின் சத்தம் ஏறியது. அவள் என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணை, ஆர் அந்த றெஜினா?"

சொல்லியிருக்கலாம். எனக்கும் அவளுக்கும் தவிர வேறு ஒருவருக்கும் கேட்காத சத்தம் அது. அதைவிட வசதியான இடம் உலகத்தில் இல்லை.

"அது... முந்தி ஆரோ ஒரு மனுசி இருந்ததாம். உமக்குச் சம்பந்தமில்லை."

"அப்பிடியோ." கடலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லாய்ப் பொய் சொல்லுவாவோ?"

"ஓம்" என்றேன்.