மைக்கக்காவின் பால்கனி

டாக்ஸி கம்பெனியில் என் அக்காவுக்கு மைக்கக்கா என்று பெயர். டிரைவர்கள் வைத்த பெயர். எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று நாள் முழுக்க மைக்கில் சொல்வது அவள் வேலை. போன் செய்பவரிடம் நாலு கேள்வி கேட்காமல் வண்டி அனுப்ப மாட்டாள். பெட்டி எத்தனை, வயதானவர் யாராவது உண்டா, வாசல்வரை வண்டி வருமா? "டாக்ஸி கேட்டா வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்றீங்களே!" என்று எரிந்து விழுவார்கள். "கேக்காம அனுப்பினா நீங்கதானே நடுத்தெருவுல நிப்பீங்க?" என்பாள்.

லாரி மோதி அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனது இளம் வயதில். ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு மூட்டையைப் போலத் தூக்கி இறக்கினார்கள். வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது." அதற்காக அவள் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. கம்பெனிக் கழிவறையின் வாசலைக்கூட முதலாளியை விட்டே இடித்து அகலமாக்க வைத்தாள்.

புதிதாகப் பணம் பார்த்த எங்கள் அண்ணன், குடும்பத்தையே கப்பல் பயணம் அழைத்துப் போகிறேன் என்றான். அக்கா உட்கார்ந்து அறை வகைகளை எல்லாம் படித்தாள். ஜன்னலே இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்று விலை ஏறிக்கொண்டே போனது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று அகலக் கதவும் படியில்லாத குளியலறையுமாகச் சில அறைகள் தனியாக இருந்தன. அதில் உள்ளறை ஒன்று காலியாக இருந்தது.

"எனக்கு அதைப் போடுண்ணா. ஜன்னல் வேணாம். கடலை மேல்தளத்துல பாத்துக்கறேன்" என்றாள்.

"சரி, சரி" என்றான். நானும் தனியாகச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

துறைமுகத்தில் சாவி அட்டையை அவள் கையில் வைத்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னான். "என் தங்கச்சிக்கு உள்ளறையா? மாத்திட்டேன். பால்கனி!" அண்ணி படமெடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"கதவு எவ்ளோ அகலம்?" என்று அக்கா கேட்டாள்.

"போய்ப் பாரு, அசந்துடுவ!"

நாற்காலி நிலைப்படியிலேயே முட்டி நின்றது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நானே ஒருக்களித்துத்தான் போனேன். குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்குப் படி. இதுதான் வேண்டும் என்று ஒருத்தி வாய் திறந்து சொன்ன பிறகும், உனக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும் என்றால் அது பாசமா? திமிர்!

அண்ணன் சட்டைக் கையை மடித்தான். "இதென்ன பெரிய விஷயம்? நான் தூக்கி உள்ள விடறேன். பாத்ரூம் போகணும்னாலும் கூப்பிடு, வரேன்."

"கையை எடு" என்றாள் அக்கா.

கப்பல் ஊழியரிடம் ஓடினேன். "நீங்க விட்ட அறை அப்பவே வேற ஒருத்தருக்குப் போயிடுச்சும்மா. அவங்களும் நாற்காலியிலதான் வந்திருக்காங்க" என்றார் பாவம்.

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்று அண்ணி முணுமுணுத்தாள்.

"மாடு வாசல்லயே நுழையலையே அண்ணி!" என்றேன்.

கப்பல் புறப்படும் முன் நாங்கள் இருவரும் இறங்கிவிட்டோம். "நாலு பேர் என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றுதான் அண்ணன் புலம்பினான். சரிவுப் பலகையில் அக்கா தானே சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கண் கலங்கியிருந்தது. கடலில் போக அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

கப்பல் நகரத் தொடங்கியபோது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேல பாரு!" அண்ணன் குரல். அந்தப் பால்கனியில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தான். "ரூம் சும்மா கெடந்தா வீணாத்தானே போகும்? நாங்களே வந்துட்டோம். காத்து பிரமாதம்! என்ன பண்றது, உனக்குக் குடுத்து வைக்கலம்மா."