கமலா 'கடல' ஆன கதை

1

முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. எண்பதுகளின் கடைசி அது. சித்தியவான் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பால்மரம் வெட்டினேன், லாரியில் மூட்டை ஏற்றினேன், சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவினேன். எதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் ஈப்போ சிலிபினில், காதர் அண்ணனின் அச்சகத்தில் சேர்ந்தேன். அவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்.

ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மூன்று புரோகிராம் வேண்டும். எழுத்தை ஒன்றில் அடிக்க வேண்டும். குத்துவிளக்குப் படத்தை இன்னொன்றில் வரைய வேண்டும். இரண்டையும் மூன்றாவதான பக்கப் புரோகிராமுக்குள் இழுத்து அடுக்க வேண்டும். தமிழ் அந்தப் பக்கப் புரோகிராமில் மட்டும்தான் தெரியும். அடிக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக ஓடும். 'க' வேண்டுமென்றால் எஃப் தட்ட வேண்டும், 'ல' வேண்டுமென்றால் ஒய்.

"இது இங்கிலீஷாண்ணே, தமிழாண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லலா. நீ அடி. அங்க போனா தமிழாயிடும்."

2

எஸ்டேட்டிலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை செய்த கமலா, தன் கல்யாணப் பத்திரிகைக்குத் தானே வந்தாள். மாதிரித் தாளில் மணமகள் பெயர் 'கடல' என்றிருந்தது. நான் அடித்ததோ கமலா. புரியாமல், பக்கப் புரோகிராமிலேயே திருத்திக் காட்டினேன். சரியென்றாள். போகும்போது, மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் 'உயர்திரு' சேர்க்கச் சொன்னாள். அண்ணன் அதை எழுத்துப் புரோகிராமில் சேர்த்து, எல்லாவற்றையும் மறுபடி பக்கத்துக்குள் இழுத்தார். அச்சடித்துக் கட்டிவைத்தோம்.

மத்தியானம் வந்து கட்டைப் பிரித்தாள்.

"யாருண்ணே இந்தக் கடல?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "டேய் வீரா, என்னடா அடிச்ச?"

"காலையில திருத்தினேன்ணே. நீங்களும்தான பாத்தீங்க."

"பாத்தேன்லா. அப்புறம் எப்படிடா திரும்பி வந்துச்சு?"

கமலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சாயங்காலம் பாரிட் புந்தார்ல மாப்பிள்ளை வீட்டுக்கு மொதப் பத்திரிகை குடுக்கணும்ணே. எஸ்டேட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் ஒழுங்கா செய்யத் தெரியாதுன்னு அவங்கம்மா ஏற்கனவே சொல்லிட்டாங்க. இதக் குடுத்தா, மருமக வரல, கச்சாங் கடல வருதுன்னு சிரிப்பாங்க."

நான் பக்கப் புரோகிராமில் மறுபடி திருத்தப் போனேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டார். "திருத்தினா திரும்பவும் வரும். எங்கயோ ஒளிஞ்சிருக்குடா."

எழுத்துப் புரோகிராமைத் திறந்தார். திரை முழுக்கக் கிறுக்கல். எதைத் தேடுவதென்றே எங்களுக்குத் தெரியவில்லை. கமலா எங்கள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் கண்ணாபின்னான்னு இருக்கு. நடுவுல இது மட்டும் எப்படிண்ணே நல்ல இங்கிலீஷா இருக்கு? எஃப், எல், ஒய். ஃப்ளை. பறக்குறது."

எஃப் என்றால் க. எல் என்றால் ட. ஒய் என்றால் ல.

அண்ணன் தலையில் கைவைத்தார். அந்தப் புரோகிராமில் ஆங்கிலப் பிழை திருத்தும் வசதி ஒன்று இருந்தது. என்னவென்று பார்க்க, மாதிரித் தாள் எடுக்கும் முன்பே நான் அடித்ததன்மேல் அதை ஓடவிட்டிருக்கிறார். "ஒவ்வொரு சொல்லுக்கும் நின்னு, தப்பு தப்புன்னுச்சு. விடு விடுன்னு தட்டிக்கிட்டே வந்தேன். ஒண்ணுக்கு மட்டும் மாத்துன்னு தட்டிட்டேன் போல. அது ஃப்ளையாக்கிருச்சு."

"அதுவும் எம்பேருக்கா!" அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அங்கேயே திருத்தி, சேமித்து, பக்கத்துக்குள் இழுத்தோம். கமலா என்றே வந்தது. மறுபடி அச்சடித்து முடிக்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, கெட்டுப்போன பத்திரிகை ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அது எதுக்குத் தங்கச்சி?" என்றார் அண்ணன்.

"அவருக்கு மட்டும் காட்டணும்ணே. சிரிச்சாருன்னா கட்டிக்கலாம்."

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பக்கத்தில் தெரியும் பிழையைப் பக்கத்தில் திருத்திவிட்டு எழுந்து போகாதீர்கள். அது எங்கிருந்து வந்ததோ அங்கே போய்த் திருத்துங்கள். மற்றதெல்லாம் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சிரித்திருக்கிறார் என்று அதில் தெரிந்துகொண்டேன்.