பானெட்டைப் பார்த்து அடித்தோம்

ஊர்த் தலைவர் இருந்தார். அவருடைய தம்பி இருந்தான், வலது காலில் மாவுக்கட்டோடு, கக்கத்தில் கட்டையோடு. மீன் ஏலம் விடும் அக்கா இருந்தாள். ஐஸ் உடைக்கிறவன் இருந்தான். வலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தவன் இருந்தான். நான் இருந்தேன். போலீஸ் இல்லை.

காலை பத்து மணி. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற கடற்கரை ரோடு. எங்கள் குப்பம் ரோட்டுக்குக் கிழக்கே.

எங்களுக்கும் ஒரு டிராக்டர் இருந்தது. எங்கேயோ வயலில் உழுது கிழடான வண்டி. நாலு கை மாறி எங்கள் மணலுக்கு வந்தது. ஃபைபர் படகை அலையிலிருந்து மேலே இழுப்பது அதன் வேலை. ஓட்டுகிறவனும் நான், ரிப்பேர் பார்க்கிறவனும் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்த வண்டியை எத்தனை தரம் பிரித்திருப்பேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அதை யாரோ திருடிக்கொண்டு போனார்கள். அதற்கு ஆர்.சி. புக் கிடையாது. நம்பர் பிளேட் உப்பில் கரைந்து போய்விட்டது. ஸ்டேஷனில் புகார் வாங்கவில்லை. மறுபடியும் தோள் கொடுத்துப் படகு தள்ளினோம். மூன்றாம் வாரம் ஒரு படகு உருளைக்கட்டையிலிருந்து நழுவியது. தலைவரின் தம்பி கால் அடியில் இருந்தது. எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவனுக்கு ஒரே பேச்சுதான். வண்டியைத் திருடியவன் கிடைக்க வேண்டும்.

அன்றைக்கு ரோட்டில் ஒரு டிராக்டர் வந்தது. கடல் அரிக்கிற இடத்தில் கொட்ட, இடித்த வீட்டுக் கல்லை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஏலக்கார அக்காதான் முதலில் பார்த்தாள்.

"டேய்! நம்ம சுறாடா அது!"

இன்ஜினை மூடுகிற பானெட்டில் சுறா இருந்தது. நான் வரைந்த சுறா. ஒற்றைக் கண், மூன்று பல். வாய்க்குக் கீழே நங்கூரம் விழுந்து நசுங்கிய பள்ளம். சந்தேகமே இல்லை.

எங்களுக்கு முன்பக்கம்தான் அடையாளம். அலைக்கு அந்தப் பக்கம் படகு வரும்போதே மூக்கில் இருக்கிற பெயிண்டைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுவோம். யாரும் படகின் அடியைப் பார்த்துச் சொல்வதில்லை. டிராக்டரையும் அப்படித்தான் பார்த்தோம்.

ஐஸ்காரன் ஓடிப்போய் ஓட்டியவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். அவன் விழுந்ததும் ஐஸ் உடைக்கிற கட்டையால் வாயில் போட்டான். பல் தெறித்தது.

"எங்கடா தூக்கினு போன? எங்கடா வெச்சிருந்த இத்தினி நாளா?"

"அண்ணே, என் வண்டிண்ணே. மாதவரம்ணே. எங்க நைனா வண்டிண்ணே."

"உங்க நைனாவா சுறா வரைஞ்சான்? சோமாறி!"

நானும் அடித்தேன். கையில் முப்பத்திரண்டாம் நம்பர் ரிங் ஸ்பானர் இருந்தது. போட் இன்ஜின் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தேன். அவன் கையைத் தூக்கித் தடுத்தான். தடுத்த கையிலேயே விழுந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. எல்லோரும் அடித்தார்கள், அடித்தேன்.

ஒருத்தன் மொபைலில் படம் எடுத்தான். தலைவர் அதைப் பிடுங்கி மணலில் எறிந்தார்.

தலைவரின் தம்பி கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். எல்லோரும் விலகி வழி விட்டார்கள். கீழே கிடந்தவனின் காலைப் பார்த்தான்.

"அடிச்சது போதும். இவன் காலை இழுத்து வீலுக்கு முன்னால வையி."

மூன்று பேர் அவனை இழுத்தார்கள். பெரிய பின்சக்கரத்துக்கு முன்னால் வலது காலை நீட்டிப் பிடித்தார்கள். அவன் கத்தினான். ஏலக்கார அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மெக்கானிக்கு, நீ ஏறு மாமு. ரெண்டடி நவுத்து. போதும்."

தலைவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏறினேன். ஸ்டார்ட் செய்தேன். கிளட்சை மிதித்தேன்.

என் கால் அந்த மிதியை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வண்டியில் கிளட்ச் கடைசி வரைக்கும் போக வேண்டும். இது பாதி மிதியிலேயே பிடியை விட்டது. கிளட்சை யாராவது மாற்றியிருக்கலாம் என்று நினைத்தேன். கியர் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக விழுந்தது. எங்களுடையது பல்லைக் கடித்துக்கொண்டுதான் விழும். உடனே நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

"இன்னா மாமு, பயமா?"

"இரு. அடியில பாக்கணும்."

"இன்னாத்த பாக்கப் போற? அவன் மூஞ்சிய பாரு, போதும்!"

மல்லாந்து உள்ளே போனேன். அவன் காலை என் தலைக்குப் பக்கத்தில் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் செருகியிருந்த ஸ்குரூ டிரைவரால் கிரீஸைச் சுரண்டினேன். டீசல் ஊற்றித் துடைத்தேன்.

ஃபேக்டரியில் இரும்பை உருக்கி ஊற்றும்போதே, ஊற்றிய நாளையும் அதிலேயே வார்த்துவிடுவார்கள். மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கு எண், வருஷத்துக்குக் கடைசி எண் மட்டும். இன்ஜின் பிளாக்கில் ஒன்று, கியர் பாக்ஸில் ஒன்று, பின் சக்கர அச்சின் கூடான ஆக்சில் ஹவுசிங்கில் ஒன்று இருக்கும். மூன்றும் பத்து இருபது நாளுக்குள் இருந்தால் பிறந்தபடியே இருக்கிற வண்டி. மூன்றும் மூன்று திசையில் நின்றால் ஒட்டுப் போட்ட வண்டி.

எங்கள் வண்டி ஒட்டு வண்டி. வருஷத்து எண் இன்ஜினில் எட்டு, கியர் பாக்ஸில் ஒன்று, பின்னால் நாலு. மூன்று வண்டியின் பிணத்தைச் சேர்த்துச் செய்தது. அது என் கை பிரித்துப் பார்த்தது.

இந்த வண்டியில் இன்ஜினில் ஆறு. கியர் பாக்ஸில் ஆறு. பின்னால் போய்ச் சுரண்டினேன். ஆறு. எழுத்தும் மூன்றிலும் ஒன்று. பிறந்ததிலிருந்து யாரும் மாற்றாத வண்டி.

வெளியே வந்தேன்.

"நம்மளுது இல்ல."

"இன்னாது?"

"நம்மளுது கலப்படம். இது அசலு. மூணு நம்பரும் ஒண்ணா கீது."

"நம்பரை மாத்தியிருப்பான்!" என்றான் தம்பி.

"தட்டுன நம்பர் இல்ல இது. இரும்போட வந்தது. தூக்கினு நிக்கும். அரத்தால ராவினா பள்ளம் வுழும். வந்து தொட்டுப் பாரு."

தலைவர் குனிந்து உள்ளே கையை விட்டார். விரலால் தடவினார். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்போ சுறா?" என்றான் ஐஸ்காரன்.

கீழே கிடந்தவன் பேசினான். வாயிலிருந்து ரத்தம்தான் முதலில் வந்தது.

"கொடுங்கையூர்ல... பழைய இரும்பு காயலாங்கடைல வாங்குனேன்ணே. என் பானெட்டு ஓட்டையாப் பூட்ச்சி."

பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். நாலு போல்ட் துளையில் இரண்டு ஒத்துப்போகவில்லை. கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தான். இதை முதலில் பார்த்திருக்க வேண்டும். நின்றபடியே தெரிகிற இடம்.

எங்கள் வண்டியை எங்கேயோ வெட்டித் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். தகரம் மட்டும் திரும்பி வந்திருந்தது.

தம்பிக்கு அது ஏறவில்லை. "என் காலு போச்சேடா!" என்று கத்திக்கொண்டு கக்கத்துக் கட்டையை ஓங்கினான். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் கீழே கிடந்தவன் மேலேயே விழுந்தான். விழுந்தும் முகத்தில் குத்தினான். இரண்டு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

நானும் ஏலக்கார அக்காவும் ஷேர் ஆட்டோவில் டிராக்டர்காரனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவன் தலை என் மடியில். அவன் என்னை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் அவன் சம்சாரம் வந்தாள். டாக்டர் அவளிடம் சொன்னதை நாங்களும் கேட்டோம். தாடை ஒட்டிவிடும். விலா ஒட்டிவிடும். வலது முழங்கை நொறுங்கியிருக்கிறது, இனிமேல் முழுதாக மடங்காது. ஓட்டுகிற கை.

அவள் எங்களிடம் வந்தாள். அக்கா அழுதுகொண்டே, "இவருதாம்மா அடியில பூந்து நம்பரைப் பார்த்து நிறுத்தினாரு. இல்லாட்டி காலும் போயிருக்கும்" என்றாள்.

அவள் என் சட்டையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

"நீயும் அடிச்சியா?"

"அடிச்சேன்."

"இன்னாத்தால?"

"ஸ்பானரால."

"எத்தினி அடி?"

எண்ணிப் பார்த்தேன். தோளில் ஒன்று. முதுகில் ஒன்று. முழங்கையில் இரண்டு.

"நாலு."